உன் விரலின் அளவு

இன்று காலை பதினேழாம் பக்கத்து யானை காணாமல் போய்விட்டது.

நம் படச்சொல் புத்தகத்தின் இரண்டாம் பதிப்புக்காக உன் லேப்டாப்பைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தேன். காபி டம்ளரை எடுக்கக் கையைக் கொண்டுபோனேன், அவ்வளவுதான். விரல் டச்பேடை உரசியதா இல்லையா என்பதே எனக்குச் சந்தேகம். அதற்குள் கர்சர் துள்ளிக் குதித்து, யானையைப் பிடித்து இழுத்து, பக்கத்துக்கு வெளியே எங்கேயோ தள்ளிவிட்டது. "சனியனே, சித்த சும்மா இரு" என்று வாய்விட்டே திட்டினேன். திட்டிய பிறகுதான் உறைத்தது. இந்த டச்பேட் இப்படித் துள்ளுவதற்குக் காரணம் நீ. திட்டு உனக்குத்தான் வந்து சேர்ந்திருக்கும்.

டச்பேடின் கீழ் விளிம்பில் நீ ஒட்டச் சொன்ன கல்யாணப் பத்திரிகைத் துண்டு இன்னும் அப்படியே இருக்கிறது. மஞ்சள் அட்டை, மூலையில் பாதிப் பிள்ளையார். அதைப் பார்த்துக்கொண்டே ஆறிப்போன காபியைக் குடித்தேன். நீ போய் ஒன்றரை வருஷமாகிறது. யானையைத் தேடுவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இதை எழுத ஆரம்பித்துவிட்டேன்.

மைசூர் மண்டி மொஹல்லாவில், எதிரெதிரே இரண்டு ஸ்கூட்டர் வந்தால் ஒன்று பின்வாங்க வேண்டிய அந்தச் சந்தில், மாடியில் இருந்தது நம் டிடிபி ஆபீஸ். கல்யாணப் பத்திரிகை, காலேஜ் பிள்ளைகளின் ஆய்வேடு, சங்கங்களின் ஆண்டு மலர், எல்லாம் வரும். நீ பக்கம் அமைப்பாய், நான் பிழை திருத்துவேன். நீ மைசூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். வீட்டில் பேசும் தமிழுக்குள் கன்னடம் தானாகவே வந்து உட்கார்ந்துகொள்ளும். நான் தமிழ்நாட்டு எல்லையோரம், ஹனூர்ப் பக்கத்துக் கௌதள்ளிக்காரி. முதல் நாளே எங்கள் ஊர்ப் பேச்சில் "என்ற பேனாவைப் பாத்தீங்களா?" என்று கேட்டேன். நீ சிரித்த சிரிப்பில் ஆபீஸே திரும்பிப் பார்த்தது. அன்றிலிருந்து எனக்குப் பெயரே கௌதள்ளி என்றாகிவிட்டது. நானும் விடவில்லை, உன்னை ரயில்வேக்காரி என்று கூப்பிட ஆரம்பித்தேன். இருபது வருஷம் அப்படியே ஓடிற்று.

ஒரு தடவை வைரஸ் புகுந்து, யாரோ ஒரு பெண்ணின் ஆய்வேடு முழுவதும் ஆபீஸ் கம்ப்யூட்டரோடு போய்விட்டது. அவள் படிக்கட்டில் உட்கார்ந்து அழுததை நீ பார்த்துக்கொண்டே நின்றாய். அடுத்த வாரம் எல்லா மெஷினிலும் லினக்ஸைப் போட்டுவிட்டாய். யாரையும் கேட்கவில்லை. முதலாளிக்குக் கோபம். "ஓசியில கிடைச்ச சாமான்ல எப்படிம்மா வேலை நடக்கும்?" என்றார். "ஓசி இல்ல சார், ஊர்ப்பொது. கெட்டுப்போனா நாமளே திறந்து பாக்கலாம், அல்வா?" என்று, 'இல்லையா'வைக் கன்னடத்தில் கேட்டாய்.  எனக்கோ, திறந்து பார்ப்பது என்றால் ஸ்க்ரூ டிரைவர் எடுத்துப் பின்பக்க மூடியைக் கழற்றுவது என்றுதான் அன்றைக்குப் புரிந்தது.

பிறகு அந்தச் சார்ஜர் விவகாரம். இதை எழுதினால் நீ கோபித்துக்கொள்ள மாட்டாய் என்று தெரியும், ஏனென்றால் நீயே ஊருக்கெல்லாம் சொன்ன கதைதான்.

புதிதாக வந்த லேப்டாப்பில் கர்சர் நடுங்கியது. ஓர் எழுத்தைத் தொடப் போனால் மூன்று வரி தள்ளிப் போய் நிற்கும். தப்பு டச்பேடை இயக்கும் மென்பொருளில், அதன் டிரைவரில்தான் என்று நீ முடிவு கட்டிவிட்டாய். மூன்று வாரம் அதோடு மல்லுக்கட்டினாய். டிரைவரைக் கழற்றினாய், மாட்டினாய், பழையதைப் போட்டாய், புதியதைப் போட்டாய். ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதிவைத்தாய். "ஒரு சமயத்துல ஒண்ணை மட்டும் மாத்து, கணே. ரெண்டை மாத்தினா எது சரி பண்ணிச்சுன்னு தெரியாது." உனக்குப் பாசம் வந்தாலும் கணே, கோபம் வந்தாலும் கணே; நம் 'டி'க்குக் கன்னடம். கடைசியில் லினக்ஸ்காரர்கள் கூடும் இணைய மன்றத்தில் நீளமாக ஒரு புகார் எழுதிப் போட்டாய். எந்த நாட்டிலிருந்தோ ஒருவர் ஒரே ஒரு வரி பதில் போட்டார். சார்ஜரைக் கழற்றினாலும் இப்படித்தானா என்று கேட்டிருந்தார்.

"என்னைச் சின்னப் பாப்பான்னு நெனச்சுட்டானா இவன்?" என்று குதித்தாய். குதித்துக்கொண்டே பிளக்கைப் பிடுங்கினாய். கர்சர் அப்படியே நின்றது.

நீ கையிலிருந்த பிளக்கைத் திருப்பிப் பார்த்தாய். அந்தப் பிளக்குக்கு மூன்று கம்பி. நம் ஆபீஸ் சுவரில் பழைய இரண்டு ஓட்டை சாக்கெட். உள்ளே போகவில்லையே என்று எர்த் கம்பியைக் கட்டிங் பிளையரால் முறித்தது வேறு யாருமில்லை, நீயேதான். எர்த் இல்லாமல் மின்சாரம் கசிந்து வந்து டச்பேடைக் குழப்பியிருக்கிறது. "எங்கப்பா ரயில்வேல எலக்ட்ரீஷியன் கணே. இருந்திருந்தா என்னை வீட்டுக்குள்ளயே சேத்திருக்க மாட்டார்" என்று தலையில் கையை வைத்துக்கொண்டாய். நானாக இருந்தால் புகாரைச் சத்தம் போடாமல் அழித்திருப்பேன். நீ அதற்குக் கீழேயே எழுதினாய், தப்பு டிரைவரில் இல்லை, என் கையில் இருந்த பிளையரில். முறித்த கம்பியைப் படம் எடுத்தும் போட்டாய். அதற்குப் பிறகு எத்தனை பேர் அதைப் படித்துவிட்டுத் தங்கள் வீட்டுச் சாக்கெட்டைப் போய்ப் பார்த்ததாக எழுதியிருந்தார்கள்! அடுத்தவர் பிழையைத் திருத்துவது என் தொழில். சொந்தப் பிழையைத் தலை நிமிர்ந்து ஒப்புக்கொள்ளும் ஒருத்தியை நான் முதலில் பார்த்தது அன்றைக்குத்தான்.

புத்தக யோசனை என்னுடையது. எங்கள் ஹனூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் தமிழில் பேசுகிறார்கள், எழுத்தென்றால் கன்னடம்தான் வருகிறது. படம், பக்கத்தில் தமிழ்ச் சொல், கீழே கன்னடச் சொல் என்று நாற்பத்தெட்டுப் பக்கம். சொற்களை நான் எழுதினேன். படங்களை வரையவும் பக்கங்களை அமைக்கவும் நீ ஒப்புக்கொண்டாய். படங்களை வரைந்து முடித்த சமயத்தில்தான் உன் கை தகராறு செய்ய ஆரம்பித்தது. புடவைக்குப் பின் குத்த முடியவில்லை என்றாய். பிறகு பேனா நழுவியது. நரம்பு நோய், பலம் போய்க்கொண்டே இருக்கும், திரும்பி வராது என்று டாக்டர் சொன்னதை நீ என்னிடம் பிழைப்பட்டியல் வாசிப்பதுபோல் வாசித்தாய். "புக்கை மட்டும் என் கையால முடிச்சுடணும், கௌதள்ளி. வேற ஒண்ணும் வேண்டாம்."

அதற்குப் பிறகு நான் தினமும் சாயங்காலம் விஜயநகருக்கு, உன் வீட்டுக்கு வந்தேன். மவுஸை நகர்த்த உன் கைக்குத் தெம்பில்லை. தலையணை மேல் கையைச் சாய்த்து வைத்துக்கொண்டு, ஆள்காட்டி விரலை மட்டும் டச்பேடில் வைப்பாய். மணிக்கட்டு சரிந்து டச்பேடில் பட்டுவிடாமல் இருக்கத்தான் அந்தப் பத்திரிகை அட்டைத் துண்டு. ஆனால் டச்பேட் உன் விரலைக் கண்டுகொள்ளவே இல்லை. விரல் ஊர்கிறது, கர்சர் அசையவில்லை. மூன்றாம் பக்கத்துக் காக்கையை அரை அங்குலம் இடப்பக்கம் தள்ள வேண்டும், அவ்வளவுதான். நீ பத்து நிமிஷம் முயன்றாய். என்னால் பார்க்க முடியவில்லை. கையை நீட்டி நான் தள்ளிவிட்டேன்.

"கையை எடு."

அந்தக் குரலை அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. உன் வீட்டுக்காரர் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "நீ தள்ளினா அது உன் காக்கை. என்னுதில்ல" என்றாய். காக்கையைப் பழைய இடத்திலேயே வைக்கச் சொன்னாய். வைத்தேன். முகம் தொங்கிப்போய் பஸ் ஏறினேன். உதவி செய்யப் போனவளை இப்படி விரட்டுகிறாளே என்று வழியெல்லாம் பொருமினேன். வீடு வந்து சேர்வதற்குள், தப்பு என் மேல்தான் என்று தெரிந்துவிட்டது.

மறுநாள் நான் வரும்போது நீ சிரித்துக்கொண்டிருந்தாய். கண்டுபிடித்துவிட்டாய். டச்பேடுக்கு இரண்டு எண்கள் உண்டு என்று விளக்கினாய். விரல் இவ்வளவு அழுத்தினால் வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ள ஓர் எண். இவ்வளவுக்குக் கீழே குறைந்தால் போய்விட்டது என்று எடுத்துக்கொள்ள இன்னோர் எண். "இந்த மெஷின்ல கெட்டியான விரலுக்கு எழுதிவெச்சிருக்காங்க. நாம மாத்தி எழுதலாம், எல்லாம் திறந்துதான் கிடக்கு. கெட்டது டிரைவரும் இல்ல, நானும் இல்ல. எண்ணுதான் சரியில்ல." அந்தக் கடைசி இரண்டு சொற்களைச் சொல்லும்போது உன் முகத்தில் இருந்த நிம்மதியை நான் மறக்க மாட்டேன்.

ஒரு கட்டளை கொடுத்தால், விரல் எவ்வளவு அழுத்துகிறது என்று திரையில் எண்ணாகக் காட்டும். நீ சொல்லச் சொல்ல அந்தக் கட்டளையை ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். அதற்குள் உன்னைக் கைப்பயிற்சிக்கு அழைத்துப்போக நேரமாகிவிட்டது. நீ திரும்பி வருவதற்குள் எல்லாம் தயாராக இருந்தால் உனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். கட்டளையைத் தட்டினேன். விரலை வைத்து அளந்தேன். வந்த எண்ணை டச்பேடின் அமைப்புக் கோப்பில் எழுதி, மெஷினை மறுபடி தொடங்கியும் வைத்தேன். பெருமை தாங்கவில்லை.

நீ வந்து விரலை வைத்தாய். கர்சர் அசையவில்லை.

கோப்பைத் திறக்கச் சொன்னாய். எண்ணைப் பார்த்தாய். என்னைப் பார்த்தாய். "யாரோட விரல்ல அளந்தே?"

"என்ற விரல்லதான். உனக்கு எதுக்குச் சிரமம்னு…"

நீ சிரித்ததில் தலையணை நழுவிக் கீழே விழுந்தது. "ஐயோ கௌதள்ளி! டெய்லருக்கு உன் அளவைக் குடுத்துட்டு, தெச்ச ரவிக்கையை எனக்கு மாட்டிவிடறியே!" உன் வீட்டுக்காரரும் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துச் சிரித்துக் கடைசியில் நான் அழுதுவிட்டேன். "மொதல்ல எண்ணைப் பாரு, அப்புறம் அழலாம்" என்று அதட்டினாய். அழுகையோடேயே கட்டளையைத் தட்டினேன். இந்தத் தடவை உன் விரல். பதினாலு என்று காட்டியது. நான் அளந்தபோது ஐம்பதைத் தாண்டியிருந்தது. வருவதற்குப் பன்னிரண்டு, போவதற்குப் பத்து என்று எழுதினோம். மறுபடி தொடங்கியதும் விரலை வைத்தாய். கர்சர் நகர்ந்தது. காக்கை இடப்பக்கம் அரை அங்குலம் போய் உட்கார்ந்தது. அரை மணி நேரம் ஆயிற்று. ஆனால் அது உன் காக்கை.

பழைய வரியை அழிக்கப் போனேன். தடுத்தாய். "அழிக்காதே கணே. முன்னாடி ஒரு ஹேஷ், அந்த # குறியைப் போடு. மெஷின் அதைப் படிக்காது. நாம படிக்கலாம்."

அதன் பிறகு நாலைந்து வாரத்துக்கு ஒரு தடவை டச்பேட் உன்னை மறந்துபோகும். உடனே அளப்போம். எண் குறைந்திருக்கும். நான் அதைச் சட்டென்று படித்துச் சொல்ல மாட்டேன். நீயோ இஞ்சி கிலோ என்ன விலை என்று கேட்பவள்போல "எவ்வளவு?" என்பாய். எட்டு என்பேன். "சரி, ஆறு போடு. பழசுக்கு ஹேஷ்." பக்கத்தில் ஒரு குறிப்பும் எழுதச் சொல்வாய். ஒன்றில், மழை, விரல் ஜில்லுன்னு இருக்கு. இன்னொன்றில், இந்த எண் போதும், கௌதள்ளிதான் நம்ப மாட்டேங்கிறா. உனக்குப் பயமே இல்லையா என்று ஒரு நாள் கேட்டேவிட்டேன். "இருக்கு. ஆனா பயத்துக்கு எண் இல்ல. எண் இருக்கறதைத்தானே மாத்த முடியும்?" என்றாய். எனக்குத் தெரிந்த தைரியசாலிகளில் உன்னை மிஞ்சிய ஆள் இல்லை என்று அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். வழக்கம்போலப் பேச்சை மாற்றி, பத்தாம் பக்கத்தில் ஒரு புள்ளி விட்டுப்போயிருக்கிறது என்றேன்.

முப்பத்தொன்றாம் பக்கத்து ஆட்டை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஆடு சாய்ந்திருந்தது. எனக்குத் தெரிந்தது. பிழை திருத்துகிறவள் கண்ணுக்குத் தெரியாமல் இருக்குமா? ஆனால் அந்த ஒரு படத்துக்கே நீ பட்ட பாட்டைப் பார்த்தபின் சொல்ல மனம் வரவில்லை. இரண்டு நாள் கழித்து நீயே பார்த்துவிட்டாய்.

"ஆடு சாஞ்சிருக்கு. நீ பாக்கலையா?"

"பாத்தேன்."

"பின்னே?"

"எங்கூர்ப் பக்கம் ஆடு மலையேறும். அப்படித்தான் சாஞ்சிருக்கும்."

சிரித்தாய். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "எனக்காகப் பிழையை விடாதே. நாளைக்குப் படிக்கப்போற பிள்ளைக்கு என் நோயைப் பத்தி என்ன தெரியும்?" என்றாய். அன்று முழுக்க அந்த ஒரு ஆட்டை நிமிர்த்தினாய். நான் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கையைக் கட்டிக்கொண்டிருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று உன் வீட்டில்தான் கற்றுக்கொண்டேன்.

நாற்பத்தெட்டாம் பக்கம் முடிந்த நாளில் எண் வருவதற்கு இரண்டு, போவதற்கு ஒன்று. நீ சொல்லச் சொல்லக் குறிப்பையும் தட்டினேன். இரண்டு மாதம் கழித்து அச்சாகி வந்தது. ஒரு பிரதியை உன் மடியில் வைத்துப் பக்கம் புரட்டிக் காட்டினேன். நீ ஒவ்வொன்றையும் உற்றுப் பார்த்து, கடைசியில் "ஆடு நேரா இருக்கு" என்றாய். பாராட்டு அவ்வளவுதான். அடுத்த மாதம் நீ இல்லை. காரியமெல்லாம் முடிந்தபின் உன் வீட்டுக்காரர் லேப்டாப்பை என் கையில் கொடுத்தார். "எனக்கு இதுல தலையும் தெரியாது வாலும் தெரியாதும்மா. உங்களுக்குத்தான்னு சொல்லிவெச்சிருந்தா" என்றார்.

ஒன்றரை வருஷமாக இந்த டச்பேடில் நான் படும் பாட்டைக் கேட்டால் நீ ரசிப்பாய். விரல் அருகே போனாலே ஓடுகிறது. ஒரு வரி தட்டுவதற்குள் கர்சர் வேறு பக்கத்தில் நிற்கிறது. ஆபீஸில் புதிதாக வந்த பெண், "செட்டிங்ஸ் மாத்திடுங்க ஆன்ட்டி, ரெண்டே நிமிஷ வேலை" என்கிறாள். ரெண்டே நிமிஷ வேலைதான். எனக்கும் தெரியும். அந்த இரண்டு, ஒன்றை மாற்றினால் உன் விரலுக்கென்று இருந்த கடைசி இடமும் போய்விடும் என்றுதான் கை வரவில்லை. நீ தொடாவிட்டாலும், தொட்டால் தெரிந்துகொள்ள ஒன்று இருக்கட்டுமே என்று விட்டுவைத்திருந்தேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

ஆனால் யானை போய்விட்டதே. கௌதள்ளிப் பள்ளிக்கூடத்திலிருந்து இன்னும் நூறு பிரதி கேட்டு எழுதியிருக்கிறார்கள். முதல் பதிப்பில் நான் கோட்டைவிட்ட நாலு எழுத்துப்பிழைகளைத் திருத்தியாக வேண்டும். துள்ளும் கர்சரோடு வேலை செய்தால் நாற்பது புதிய பிழை வரும். எனக்காகப் பிழையை விடாதே என்று சொன்னவளின் பெயரால் பிழை விடலாமா? இத்தனை நாளும் உன் ரவிக்கையை நான் போட்டுக்கொண்டு, இறுக்குகிறது இறுக்குகிறது என்று புலம்பியிருக்கிறேன்.

அதனால் இதை எழுதிக்கொண்டே இடையில் எழுந்து போய் அந்தக் கோப்பைத் திறந்தேன். ஏழு வரிகள், ஏழு குறிப்புகள். மேலிருந்து கீழே படித்தேன். கடைசிக் குறிப்பு இப்படி இருக்கிறது. இதுக்குக் கீழ போக எண் இல்ல, ஆனா புக் முடிஞ்சாச்சு.

கட்டளையைத் தட்டி என் விரலை வைத்தேன். நாற்பத்தாறு. முன்பு ஐம்பதைத் தாண்டியது, எனக்கும் வயசாகிறது. வருவதற்கு முப்பது, போவதற்கு இருபத்தைந்து என்று புதிய வரி எழுதினேன். பக்கத்தில் ஒரு குறிப்பு, இது கௌதள்ளியின் விரல், அவளே அளந்தது. பிறகு இரண்டு, ஒன்று இருந்த உன் வரிக்கு மேலே போனேன். விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். மொதல்ல எண்ணைப் பாரு, அப்புறம் அழலாம். அதையும் அதே வரிசையில் செய்தேன்.

மெஷினை மறுபடி தொடங்கினேன். கர்சர் சொன்ன பேச்சைக் கேட்கிறது. யானையும் கிடைத்துவிட்டது, பக்கத்துக்கு வெளியே வலப்பக்கம் பத்திரமாக நின்றுகொண்டிருந்தது. அதை இழுத்து வந்து நேராக நிறுத்தியிருக்கிறேன்.

உன் வரியை அழிக்கவில்லை, ரயில்வேக்காரி. முன்னால் ஒரு ஹேஷ் போட்டிருக்கிறேன். மெஷின் அதைப் படிக்காது. நான் படிப்பேன்.